றபான் பெட்டியின் பெயர்ப் பட்டியல்

என் ஆசைக் காக்காவுக்கு உங்கள் தங்கச்சியின் ஸலாம்.

இந்தக் கடிதத்தை நம்மட ஊர்ச் சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். உங்களுக்கு எழுதுவதை ஊரும் சேர்ந்து வாசிக்கட்டும். என்னைப் பற்றி உங்களிடம் வந்து கோள் சொல்ல ஆட்களுக்கு இப்போது வழியில்லை. இருந்தாலும் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன பெயர்ப் பட்டியலில் நான் கை வைத்துவிட்டேன்.

கோபம் வருகிறதா? அந்தப் பட்டியலை முதன்முதல் வாசித்த அன்று எனக்கும் கோபம் வந்தது, உங்கள் மேல். மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களோடு கோபிக்கக் கூடாது, துஆக் கேட்க வேண்டும் என்று உம்மா சொல்கிறா. துஆவும் கேட்கிறேன், கோபமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் வைத்துக்கொள்ள முடியாதா?

ஆனால் இது சண்டைக் கடிதம் இல்லை. பெட்டி வந்துவிட்டது, காக்கா. கொழும்பு பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்த நேரம் எனக்கு வந்த பெருமையைச் சொல்வதற்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து வருகிறேன். கட்டாரில் இரண்டு வருசம் இருந்து, தொய்வு கூடி, மூச்சிரைத்துக்கொண்டு நீங்கள் மருதமுனைக்குத் திரும்பினீர்கள். மற்றவர்கள் டீவியும் கம்பளிப் போர்வையும் கொண்டு வந்தார்கள். நீங்கள் ஒரு கீபோர்டைத் தோளில் சுமந்து வந்தீர்கள். சாதாரணக் கீபோர்ட் இல்லை. வெளியில் இருக்கிற எந்தச் சத்தத்தையும் உள்ளே வாங்கி, கட்டைக்கு ஒன்றாக வைத்துத் தருகிற கீபோர்ட். அதன் பக்கத்தில் பிளொப்பி போடுகிற வாய். ஒரு பிளொப்பிக்குள் பதினாறு செக்கன் சத்தம்தான் அடங்கும். வாப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து சுற்றிப் பார்த்தார். “இதுக்குள்ள இருந்து சோறு கீறு வருமா மகன்?” என்று கேட்டார்.

சத்தங்களைத் தொகுத்து, பெட்டியில் போட்டு விற்கிற கொம்பனிகள் வெளிநாட்டில் இருக்கின்றன என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டை விற்கலாம். மேளத்தை விற்கலாம். மேளத்தில் விழுகிற ஒரு தட்டை எப்படி விற்பது? நீங்கள் பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள். பாட்டு அமைக்கிற ஒருவனிடம் வயலின்காரரும் இல்லை, மேளக்காரரும் இல்லை, கீபோர்ட் மட்டும் இருக்கிறது. அவன் அந்தத் தட்டுகளை வாங்கித் தன் தாளத்தைக் கட்டிக்கொள்வான். கல்லும் சீமெந்தும் வாங்கி வீடு கட்டுவது மாதிரி.

அப்படி ஒரு பெட்டியை நீங்களும் வாங்கினீர்கள். வாங்கிய விலையை வாப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதில், நாம் கையால் தட்டுகிற வட்டத் தோல் மேளத்தின் பெயரில், இலங்கை றபான் என்று ஒரு பிளொப்பி. போட்டு ஒரு கட்டையை அழுத்தினீர்கள். நம் இரண்டு பேருடைய முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. அது றபானே இல்லை. தபேலாவை மெதுவாக ஓடவிட்டு, றபான் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“இது பொய்யெண்டு ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டீர்கள். “காசு குடுத்து வாங்குறவன் இதத்தான் றபான் எண்டு நினைப்பான். நாளைக்கு நம்மட புள்ளைகளும் இதத்தான் நினைக்கும்.”

உலகத்தில் நம்மைப் பற்றி ஒரே ஒரு பொய் பரவியிருந்து, அதுவும் றபானைப் பற்றியதாக இருந்தால் நான் பேசாமல் விட்டிருப்பேன். நம்மைப் பற்றிச் சொல்லப்படுகிறவற்றில் எதை நாம் எழுதினோம்? பத்திரிகைக்காரன் எழுதுகிறான், கொழும்பு எழுதுகிறது, ஆமிக்காரன் தன் கொப்பியில் எழுதுகிறான். சத்தத்தையாவது நாமே பிடித்துக் கொடுப்போம் என்று நீங்கள் சொன்ன அன்றுதான் எனக்கு இதில் பிடிப்பு வந்தது.

கம்பு தட்டி ஆடுகிற பொல்லடிக் குழுவை, அதைப் பழக்குகிற அலியார் அண்ணாவியோடு வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். அண்ணாவியோடு ஒன்பது பேர். றபானும் பொல்லும். பத்தாவதாக, தெற்கே ஒரு தமிழ் ஊரிலிருந்து சைக்கிளில் வேலன் வந்தார். ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கோயிலிலும் சாவு வீட்டிலும் பறை அடிக்கிறவர். உம்மா தேத்தண்ணி கொடுத்தபோது வாங்கினார், ஆனால் கதிரையில் இருக்கவில்லை. நீங்களும் பேசாமல் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் போய் இருந்தீர்கள். பிறகு குழுவில் ஒவ்வொருவராகக் கதிரையை விட்டு இறங்க வேண்டி வந்தது. அண்ணாவி மட்டும் முழங்கால் வருத்தம் என்று சொல்லிக் கதிரையிலேயே இருந்தார்.

அன்று நான் அறைக்குள் வரவில்லை. ஆண்கள் பத்துப் பேர் இருக்கிற இடத்துக்கு நான் எப்படி வருவது? அவர்கள் போன பிறகுதான் என் வேலை தொடங்கும். பிடித்த சத்தங்களைக் காதுக்குள் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு தட்டையும் வெட்டி எடுப்பது. தட்டு விழுகிற முனையில் சரியாக வெட்ட வேண்டும். முந்தி வெட்டினால், கட்டையை அழுத்திய பிறகு சத்தம் பிந்தி வரும். பிந்தி வெட்டினால் தட்டின் கூர் போய்விடும். நீங்கள் வெட்டினால் பத்தில் ஐந்து பிழையாகும். நான் வெட்டினால் பிழையாகாது. வாப்பாவின் தறியில் நூல் அறப் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லி வளர்ந்தவள் நான். “உன்ட காதுக்கு இன்சூரன்ஸ் எடுக்கோணும் புள்ள” என்று நீங்களே சொன்னீர்கள்.

அந்தக் காதும் ஏமாந்தது. முதல் தொகுதியைக் கொழும்புக்கு அனுப்பினோம். கீபோர்டும் சத்தப் பெட்டிகளும் விற்கிற ஒரு கொம்பனி. முதலாளி தொலைபேசியில் உங்களை அழைத்து, எல்லாத் தட்டுக்கும் பின்னால் ஏதோ இரைகிறது, ரெக்கோடர் பழுதா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கும் கேட்கவில்லை. வயரை மாற்றினீர்கள். மைக்கை மாற்றினீர்கள். கல்முனையில் ஒரு ரேடியோ திருத்துகிறவரைக் கூட்டி வந்து காட்டினீர்கள். அவரும் கேட்டுவிட்டு நல்ல சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் வேலன் வந்து ஒரு தரம்தான் கேட்டார். “கடல்தானே தம்பி இது” என்றார்.

நாம் எல்லாரும் கடலுக்கு இருநூறு கெஜத் தூரத்தில் பிறந்தவர்கள். நம் காதுக்குக் கடல் ஒரு சத்தமே இல்லை. வயல் பக்கத்தில் வளர்ந்த அந்த மனுசனுக்கு முதல் செக்கனிலேயே கேட்டிருக்கிறது. பிடித்த நாளிலேயே கேட்டிருக்கும். ஏன் அன்றே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டால்தானே சொல்லலாம் என்று அவர் சொன்னார். அந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து பிளொப்பியும் போச்சு. நாலு மாத வேலை. வேறு யாராவது என்றால், கடல் இருந்தால் இருக்கட்டும், அதுவும் நம் கடல்தானே என்று கவிதை பேசி விற்றிருப்பார்கள். நீங்கள் எல்லாவற்றையும் அழித்தீர்கள். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு றபான் என்று சொன்னால் றபான் மட்டும்தான் போக வேண்டும் என்றீர்கள். அன்று நான் அழுதேன். இன்று அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு எல்லாரும் லேண்ட்மாஸ்டரில் ஏறி இறக்காமத்துக்குப் போனீர்கள். மாமாட வயலில் நெல்லு வைக்கிற அறை. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தது. சாக்கால் சுவரை மூடினீர்கள். வைக்கோல் கொளுத்தி றபானைக் காட்டித் தோலை இறுக்கினீர்கள். யானை இறங்க முந்தி, வெளிச்சத்தோடு திரும்பிவிட வேண்டும். உங்களுக்கு அறைக்குள் நிற்க முடியாது. உங்கள் மூச்சு இரைவது மைக்கில் விழும். ரெக்கோடரை ஓட விட்டு வெளியே போய், வரம்பில் நின்றுகொண்டு கையைக் காட்டுவீர்களாம். மூன்று நாள் அப்படிப் போய் வந்தீர்கள்.

அந்தப் பதிவைக் கேட்டபோது எனக்குப் புதுத் தொல்லை. பிஸ்மி சொல்லாமல் பொல்லைத் தொட மாட்டேன் என்பது அலியார் அண்ணாவியின் வழக்கம். ஆட்டம் ஆடும்போது ஒரு தரம் சொன்னால் ஆட்டம் முடியும்வரை போதும். இங்கே ஒவ்வொரு தட்டும் தனித்தனி. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிஸ்மி. பிஸ்மில்லாஹ், டக். பிஸ்மில்லாஹ், டக். நூற்றுக்கு மேல் இருந்தது. நான் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்க வாப்பா பின்னால் வந்து நின்றார். “பிஸ்மிய வெட்டி எங்க மகள் எறியிறாய்?” என்று கேட்டார். அன்றிலிருந்து வெட்டிய பிஸ்மி எல்லாவற்றையும் ஒரு கசட்டில் சேர்த்து வைத்தேன். அது இப்போதும் குர்ஆன் வைக்கிற தட்டில் இருக்கிறது.

இரண்டாம் தொகுதியில் வெட்டி முடிந்தவற்றைக் கொழும்பு முதலாளி கேட்டார். திரும்பவும் ஒரு தரம் போட்டுக் கேட்டாராம். பிறகு எல்லாவற்றையும் ஒரே விலைக்குத் தந்துவிடு, என் கொம்பனிப் பெயரில் விற்கிறேன், வாசித்தவர்கள் பெயர் ஒன்றும் வேண்டாம் என்றார். நீங்கள் தொலைபேசிக் கடையில் நின்று அவரோடு கதைத்ததை வீட்டுக்கு வந்து அப்படியே நடித்துக் காட்டினீர்கள்.

“பாண் பையில பேக்கரிட பேர் இருக்கு. மா பிசைஞ்சவன்ட பேர் இருக்கா தம்பி?”

“மா பிசையிற கை மாறினாப் பாண் மாறாது முதலாளி. இதுல கை மாறினாச் சத்தம் மாறிரும்.”

அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்து நீங்கள் ஒரு தாள் எழுதினீர்கள். அதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியை வாங்குகிறவன் அந்தச் சத்தங்களை எத்தனை பாட்டிலும் போடலாம், நம்மிடம் திரும்ப வந்து கேட்கத் தேவையில்லை. ஆனால் சத்தத்தை மட்டும் எடுத்து, வேறு பெட்டியில் போட்டு, தன்னுடையது என்று விற்கக் கூடாது. வாசித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி சும்மா, விற்பதில் வருவது எல்லாருக்கும் ஒரே அளவு. பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரைக்கும் கலியாண வீட்டில் வாசிக்கிற குழுக்களுக்கு வெறும் பிளொப்பி விலைக்குக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் சத்தம் இந்தக் கரையினுடையது. கொழும்பு ஸ்டூடியோக்கள் முழு விலை கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்களிடம் இருக்கிறது. வாசித்தவர்களின் பெயர் பெட்டியில் இருக்க வேண்டும்.

முழுப் பெட்டியும் சேர்த்து மூன்று நிமிசச் சத்தம் கூட இல்லை. மூன்று நிமிசத்துக்கா இந்த விலை என்று முதலாளி கேட்டபோது நீங்கள் சொன்ன பதில்: நாலு மாதத்தை அழித்துவிட்டுத்தான் இந்த மூன்று நிமிசத்தை எடுத்தோம், அழித்ததற்கும் சேர்த்துத்தான் விலை. பேரம் ஒரு மாதம் நடந்தது. அவர் ஒத்துக்கொண்டார். பட்டியலை அனுப்பு, அச்சடிக்கிறேன் என்றார்.

பட்டியல் போவதற்கு முன் நீங்கள் போய்விட்டீர்கள். விடியக் காலையில் மூச்சு முட்டியது. வேனில் ஏற்றினோம். பாதை மூடியிருந்தது. ஏதோ தேடுதல் என்றார்கள். வெயில் ஏறும் வரைக்கும் தடையில் நின்றோம். உங்கள் மரணப் பத்திரத்தில் தொய்வு என்று எழுதியிருக்கிறது. பாதை மூடியிருந்தது என்று எழுத அதில் இடம் விடவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து, மிச்சமிருந்த பிளொப்பிகளை வெட்டி முடிக்க இருந்தேன். பறைத் தட்டு ஒன்றின் வாலில் உங்கள் மூச்சு இருந்தது. அவசரப்பட்டு அறைக்குள் திரும்பி வந்திருக்கிறீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டேன். அதை அப்படியே விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு மனம் சொன்னது. வெட்டிவிட்டேன், காக்கா. றபான் என்றால் றபான் மட்டும், பறை என்றால் பறை மட்டும். எறியவில்லை. அண்ணாவியின் பிஸ்மி இருக்கிற கசட்டில் இடம் மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பட்டியலைத் தேடினேன். கீபோர்ட் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தீர்கள். பதினொரு பேர். குழுவின் ஒன்பது பேரையும் வாப்பா பெயரோடு எழுதியிருந்தீர்கள். பத்தாவதாக, திரு. க. வேலாயுதம். ஊர் வேலன் என்று சுருக்கி வைத்திருந்த மனுசனுக்கு முழுப் பெயர் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கே தெரியும். நீங்கள் கேட்டு அறிந்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்களைப் பெருமையாக நினைத்தேன். கடைசி வரி: ஒலிப்பதிவும் தொகுப்பும், ஹாறூன்.

அவ்வளவுதான். தாளின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

ஒவ்வொரு தட்டையும் வெட்டியது யார்? கதிரையை விட்டு இறங்கி வேலாயுதத்துக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு, பக்கத்து அறையில் இருந்த தங்கச்சி கண்ணில் படவில்லையா? மறந்தீர்களா, மறைத்தீர்களா? எனக்கு மாப்பிள்ளை பேசி வருகிற வீட்டில், மேளப் பெட்டியில் பெயர் இருக்கிற பெண் என்று சொல்வார்கள் என நினைத்தீர்களா? அப்படி நினைத்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டால்தானே சொல்லலாம்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பொம்புளப் புள்ளட பேர் கொழும்புக் கடையில தொங்கோணுமா மகள்? காக்காட பேர் இருக்கு. அது உன்ட பேருந்தான்.” அதை விட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், விடத்தான் இருந்தேன்.

பெயர்களில் எழுத்துப் பிழை வரக் கூடாது என்று, உம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஜும்மாவுக்குப் பிறகு அலியார் அண்ணாவி வீட்டுக்குப் போனேன். குழுவில் முக்கால்வாசிப் பேர் முற்றத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒருவர் தன் வாப்பாவின் பெயரைத் திருத்தினார். றபான் அடிக்கிற இஸ்மாயில் காக்கா தன் பட்டப்பெயரையும் போடச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். திரு. க. வேலாயுதம் என்று வாசித்தேன். சிரிப்பு நின்றது.

அண்ணாவி தொண்டையைக் கனைத்தார். அவன் நன்றாக அடிப்பான், இல்லை என்று சொல்லவில்லை என்றார். ஆனால் பறை வேறு, றபான் வேறு. அதோடு தமிழர் பக்கமும் நம் பக்கமும் கொலை விழுந்து மையித்து எடுத்துக் கிடக்கிற காலம். நம் பெயர்களோடு சேர்த்து ஒரு பெட்டியில் அந்தப் பெயர் எதற்கு? அவனுடைய பங்கைக் கொடுத்துவிடுவோம், பெயர் வேண்டாம்.

நமக்குள் சாதி இல்லை என்று கொஞ்ச நேரத்துக்கு முந்தித்தான் பள்ளியில் தோளோடு தோள் நின்றுவிட்டு வந்தவர்கள். “அவர்ட பேர் இல்லாட்டி ஒருத்தர்ட பேரும் இல்ல மாமா” என்றேன். “பெட்டியே இல்ல. கடல் இரையிறதக் கண்டு சொன்னவர் அவர். இல்லாட்டி நாம இன்னும் வயர் மாத்திக்கிட்டு இருந்திரிப்பம்.”

“அப்ப ஒண்டு செய்” என்றார் அண்ணாவி. மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார். “உன்ட பேரயும் போடு. பறையடிக்கிறவன்ட பேரும் பொம்புளட பேரும் எங்கட பேரும். நல்ல சபையா இரிக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“ஓம் மாமா. அதச் சொல்லத்தான் வந்தன்” என்றேன். பொய். அந்தச் சிரிப்பு வரும்வரை நான் அதற்காக வரவில்லை.

உம்மா என் கையைப் பிடித்து இழுத்தா. அண்ணாவி முகம் மாறி, இது என்ன ஊர் வழக்கத்தில் இல்லாத கதை, பெண்பிள்ளையின் பெயரை எங்காவது எழுதித் தொங்கவிடுகிற வழக்கம் இருக்கிறதா என்றார்.

“இந்த வீடு ஆர்ட பேர்ல மாமா?” என்று கேட்டேன்.

அவர் முழங்காலைத் தடவினார். இந்த ஊரில் கலியாணம் முடித்த எந்த ஆணிடம் கேட்டாலும் பேச மாட்டார். குசினிக்குள்ளிருந்து அண்ணாவியின் மனைவி, மாமியின் குரல் வந்தது.

“சொல்லுங்களன். என்ட பேர்லதான் கா. வளவும் என்ட பேர்லதான். முழங்கால் வருத்தமெண்டு இரிக்கிற கதிரையும் என்ட வாப்பா தந்தது.”

முதலில் சிரித்தது இஸ்மாயில் காக்கா. பிறகு உம்மா. ஒரு வீட்டையே பெண்ணின் பெயருக்கு எழுதுகிற ஊர் இது, காக்கா. பெண்ணுக்கு வீடு எழுதுவதற்காகவே ஆண்கள் கட்டாருக்குப் போகிற ஊர். நீங்களும் அதற்காகத்தான் போனீர்கள். கல்லையும் மண்ணையும் என் பெயருக்கு எழுதலாம், நான் வெட்டிய சத்தத்தை எழுதக் கூடாது என்றால் அது எந்த ஊர்ச் சட்டம்? இதை நான் வாயால் சொல்லவில்லை. மாமி சொன்ன பிறகு அதற்குத் தேவை இருக்கவில்லை.

அண்ணாவி என் கையிலிருந்த தாளை விரலால் காட்டினார். பிறகு எழுதினால் ஒழுங்காக எழுது, என் பெயருக்கு முன்னால் அண்ணாவியார் என்று போடு என்றார். போட்டேன். “அவருக்கு என்ன போட்டிரிக்காய்?” என்று கேட்டார். காக்கா ‘திரு’ என்று எழுதியிருக்கிறார் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசி வரியை அங்கேயே, அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத் திருத்தினேன். நீங்கள் ‘ஒலிப்பதிவும் தொகுப்பும்’ என்று எழுதியிருந்ததில் உங்களுக்கு ஒலிப்பதிவை விட்டேன். தொகுப்பை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் பெயரை அழிக்கவில்லை, காக்கா. உங்களுடைய பங்கு எவ்வளவோ அவ்வளவை வைத்தேன். உங்கள் தாளில் நீங்கள் எழுதிய நியாயமும் அதுதானே?

தபாலில் போட்ட பிறகுதான் வாப்பாவிடம் சொன்னேன். தறி நிற்கவில்லை. ஒரு முழத் துணி நெய்திருப்பார். பிறகு, “எழுத்துப் பிழையில்லாமப் போடுவானுகளா?” என்று கேட்டார்.

பிழையில்லாமல்தான் போட்டிருக்கிறார்கள். பெட்டியின் பின்பக்கத்தில் பன்னிரண்டு பெயர். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு துணி வாங்க வருகிறவர்களின் கண்ணில் படுகிற இடத்தில் அதைத் தூக்கி வைத்தார். மாப்பிள்ளை பேசி வந்த ஒரு வீடு பின்வாங்கிவிட்டது. போகட்டும். அந்த வீட்டில் யாருக்கும் காது சரியில்லை.

வேலாயுதம் அண்ணனுக்கு நான் போய்க் கொடுக்க முடியாது, இஸ்மாயில் காக்கா சைக்கிளில் கொண்டுபோனார். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கட கோயிலை நடத்துற வண்ணக்கருக்கு ஒன்று விற்கலாமா என்று கேட்டாராம். சும்மா கொடுக்க வேண்டாம், முழு விலைக்கு என்றாராம். அவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வைத்து அடிக்கச் சொல்கிற வண்ணக்கர். எனக்கு இரண்டு நாள் அதை நினைத்து நினைத்துச் சிரிப்பு.

இன்னும் கேளுங்கள். றேடியோவில் ஒரு பல்பொடி விளம்பரம் போகிறது. அதில் வருகிற றபான் நம்முடையது. மூன்றாம் பிளொப்பி, நாலாவது தட்டு. இஸ்மாயில் காக்கா தேத்தண்ணிக் கடையில் உள்ளங்கையை விரித்துக் காட்டி, இலங்கை முழுக்க இந்தக் கையால்தான் பல்லு விளக்குது என்று சொல்லித் திரிகிறார்.

எல்லாமே நல்ல செய்தி இல்லை. அக்கரைப்பற்றில் ஒரு கலியாணக் குழு, பெட்டி வாங்காமல் யாரிடமோ பிரதி எடுத்து வாசித்திருக்கிறது. களவு களவுதான், ஏழை செய்தாலும். ஆனால் அவர்களுக்கு நாம் பிளொப்பி விலைக்குத் தருகிறோம் என்பதே தெரிந்திருக்கவில்லை. எழுதினேன்: வாசியுங்கள், ஆனால் பெயர்களையும் பிரதி எடுங்கள். பன்னிரண்டு பெயரையும் கையால் எழுதி ஒட்டி, பிளொப்பிக்கு உரியதையும் அனுப்பினார்கள். என் பெயரில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை. கொழும்பில் ஒரு பெரிய ஸ்டூடியோ ஒரே ஒரு பெட்டி வாங்கி, அதைத் தன் எல்லா அறைகளுக்கும் பிரதி எடுத்து வைத்திருக்கிறது என்று கேள்வி. அவர்களுக்கும் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது கடிதம் நாளைக்குப் போகிறது. இல்லாதவன் பதில் எழுதுகிறான், இருக்கிறவன் எழுதுவதில்லை. இதில் மட்டும் நம் நாடு மாறவே மாறாதா?

நீங்கள் ஏன் என் பெயரை எழுதவில்லை என்று இனிக் கேட்க மாட்டேன். கேட்டாலும் பதில் வராது. அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாவது பெட்டி குரவை. கலியாண வீட்டில், சுன்னத்து வீட்டில் நம் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவை. வெளிநாட்டுப் பெட்டி எதிலும் அது இல்லை, நல்லதாகவும் இல்லை, பொய்யாகவும் இல்லை. உங்களால் அதைப் பிடித்திருக்க முடியாது, அந்த அறைக்குள் உங்களை விட்டிருக்க மாட்டார்கள். என்னை விடுவார்கள். கடலுக்குத் தூரமாக, மாவடிப்பள்ளியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். அண்ணாவி வீட்டு மாமிதான் முதல் குரல். அவ ஒரு நிபந்தனை போட்டிருக்கிறா, பெயரை முழுசாகப் போட வேண்டுமாம், இன்னாரின் மனைவி என்று போடக் கூடாதாம்.

உங்கள் தாளை அப்படியே வைத்துத்தான் இதையும் விற்பேன். குரவை போட்ட ஒவ்வொருத்திக்கும் ஒரு பெட்டி, ஒரே பங்கு. இரைச்சல் விழுந்த ஒரு குரவையைக் கூட உள்ளே விடமாட்டேன். ஒருத்தியின் பெயரைக் கூட வெளியே விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

ஒலிப்பதிவு ஹாறூனுக்கு,
ஒலித் தொகுப்பு ஜெஸீமா,
உங்கள் தங்கச்சி.